கல்லூரியோ ஆய்வகமோ, நாளைத் தள்ள உங்களுக்குக் கைகொடுக்கும் விநோதப் பழக்கம் எது?

சிலேட்டுக்காரன்:

வணக்கம் நண்பர்களே. அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் கணிதம் எடுக்கிறேன். வாரத்துக்கு 16 மணி நேர வகுப்பு. அதுபோக இன்டர்னல் மார்க் ஏற்றுவது, அட்டெண்டன்ஸ், கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்பு, திடீரென்று வரும் சர்க்குலர். இந்த இடுக்கில்தான் என் ஆராய்ச்சியும் நடந்தாக வேண்டும்.

என் மேசை இழுப்பறையில் ஒரு சிலேட் இருக்கிறது. மரச்சட்டம் போட்ட கல் சிலேட், கூடவே ஒரு பெட்டி பலப்பம். ஒரு ஹவர் காலியாகக் கிடைத்தால் கணினியைத் திறக்க மாட்டேன், சிலேட்டைத்தான் எடுப்பேன். ஒரு லெம்மாவின், அதாவது துணைத் தேற்றத்தின், முதல் இரண்டு வரியை எழுதுவேன், அழிப்பேன், வேறு மாதிரி எழுதிப் பார்ப்பேன். தாளில் எழுதும்போது எழுதுவதெல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் கையைக் கட்டிப்போடுகிறது. சிலேட்டில் அந்தப் பயம் இல்லை. மணி அடித்ததும் எது மிஞ்சியதோ அதை மட்டும் நோட்டில் ஏற்றிவிட்டு வகுப்புக்குப் போய்விடுவேன்.

எங்கிருந்து பிடித்தேன் என்று உங்களுக்கே தெரியும். கும்பகோணத்தில் ராமானுஜன் சிலேட்டில்தான் கணக்குப் போட்டார். காகிதம் வாங்கிக் கட்டுப்படி ஆகவில்லை. துணி தேடினால் நேரமாகும் என்று முழங்கையாலேயே அழிப்பாராம். முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார், வழி சிலேட்டோடு போய்விட்டது. அந்த நோட்டுகளில் இருந்தவற்றுக்கு நிரூபணம் திரட்டி அமெரிக்கக் கணிதக்காரர் புரூஸ் பெர்ன்ட் ஐந்து தொகுதிகளாகக் கொண்டுவர 1985 முதல் 1998 வரை பிடித்தது.

சரி, உங்கள் பழக்கத்தைச் சொல்லுங்கள். நேர மேலாண்மை உபதேசம் வேண்டாம். பக்கத்து மேசைக்காரர் பார்த்தால் "என்ன சார் இது?" என்று கேட்கிற மாதிரி இருக்க வேண்டும், ஆனால் உங்கள் நாளை உண்மையிலேயே நகர்த்த வேண்டும்.

கொள்ளிடக்கரை:

சிலேட்டு அண்ணா, எங்கள் லேபில் எதையாவது அழித்தால் ஆராய்ச்சி வழிகாட்டியான கைட் அன்றைக்கே கூப்பிட்டுப் பேசிவிடுவார். கரிம வேதியியல், நான்காம் வருட ஸ்காலர். லேப் நோட்டில் பேனாவால்தான் எழுத வேண்டும். தப்பானதை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். அடித்த வரியும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

என் பழக்கம் சிங்க் பக்கம். காலையில் வந்ததும் நேற்றைய கண்ணாடிச் சாமானை நானே கழுவுவேன், யாரையும் தொட விடமாட்டேன். முதலில் கொஞ்சம் கரைப்பான் விட்டு அலசி வேஸ்ட் கேனில் ஊற்றுவேன். அப்புறம் சோப்புத் தண்ணீரும் பிரஷும், குழாய்த் தண்ணீர், டிஸ்டில்ட் வாட்டர், கடைசியாக ஒரு சுற்று அசிட்டோன். அசிட்டோன் ஆவியாகும்போது ஃபிளாஸ்க் விரலுக்குச் சில்லென்று இருக்கும். அதைக் கவிழ்த்து ஓவனில் வைத்தால் ஒன்று முடிந்தது.

இதில் எனக்குக் கிடைப்பது சுத்தம் மட்டும் இல்லை. எந்த ஃபிளாஸ்கின் அடியில் பழுப்பாகப் பிசின் மாதிரி ஒட்டியிருக்கிறது, எது தண்ணீரிலேயே போய்விட்டது என்பதைக் கை கவனித்துக்கொண்டே இருக்கும். நேற்று ரியாக்‌ஷன் எங்கே கெட்டது என்று, கலவையைப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தகட்டில் பிடிபடாத விஷயம்கூடச் சில நாள் பிரஷ்ஷில் பிடிபடும். வெப்பத்தைக் குறைக்கலாமா, நைட்ரஜன் போதவில்லையா என்று யோசனை அங்கேயே ஓடும். கடைசி ஃபிளாஸ்க் ஓவனுக்குள் போகும்போது இன்றைக்கு என்ன செய்வது என்பது முடிவாகியிருக்கும். ஜூனியர்கள் முதலில் நான் அவர்கள் கழுவியதை நம்பவில்லை என்று நினைத்தார்கள். காரணத்தைச் சொன்ன பிறகு இரண்டு பேர் தங்கள் சாமானைத் தாங்களே கழுவ ஆரம்பித்துவிட்டார்கள்.

தைநான் மழை:

தைவானில் போஸ்ட் டாக் செய்கிறேன். இங்கே வந்த புதிதில் மூலக்கூறுகளின் எடையை அளக்கும் எங்கள் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மேல் ஒரு பச்சை நிறத் தின்பண்டப் பாக்கெட் இருந்தது. யாரோ மறந்து வைத்துவிட்டார்கள் என்று எடுக்கப் போனேன். லேப் அக்கா ஓடி வந்து தடுத்தார்.

குவாய் குவாய் என்று ஒரு பஃப் தின்பண்டம், 1968 முதல் இங்கே விற்கிறது. சொல்பேச்சுக் கேட்டு ஒழுங்காக இரு என்று குழந்தையிடம் சொல்வதுதான் அந்தப் பெயர். அதனால் சர்வர், ஆய்வுக் கருவி, மருத்துவமனை இயந்திரம் என்று எதன் மேலும் வைக்கிறார்கள். பச்சைப் பாக்கெட்தான் வைக்க வேண்டும், அதாவது தேங்காய்ச் சுவை. கருவியில் பச்சை விளக்கு எரிய வேண்டும் அல்லவா? மஞ்சளும் சிவப்பும் ஆகாது. பாக்கெட்டைப் பிரிக்கக் கூடாது, காலாவதித் தேதி தாண்டியும் இருக்கக் கூடாது.

எனக்கு இது அந்நியமாகவே படவில்லை. ஊரில் நான் பிஎச்டி செய்த லேபில் ஆயுத பூஜைக்கு சென்ட்ரிஃபியூஜ், எச்பிஎல்சி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். லேபுக்குள் சாப்பாடு கூடாது என்பதால் பொரியும் சுண்டலும் வராண்டாவில்.

இப்போது என் அன்றாடப் பழக்கம் இதுதான்: காலையில் கருவியை இயக்கும் முன் பாக்கெட்டின் தேதியைப் பார்ப்பேன். பார்க்கிற கையோடு வெற்றிட அழுத்தம், பம்ப் எண்ணெய் மட்டம், நைட்ரஜன் அழுத்தம் மூன்றையும் சின்ன நோட்டில் குறித்துவிடுவேன். செக் லிஸ்ட் ஒட்டிவைத்திருந்தபோது ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. பாக்கெட் வந்த பிறகு எல்லார் கண்ணும் முதலில் கருவியின் மேல் போகிறது. பம்ப் எண்ணெய் நிறம் மாறியதை நான் கண்டுபிடித்தது இந்தப் பாக்கெட்டைப் பார்க்கப் போன ஒரு காலையில்தான்.

குறியீட்டுக்கோவை:

சந்தனப் பொட்டு வைத்த சென்ட்ரிஃபியூஜ் எங்கள் கல்லூரி பயோடெக் துறையிலும் உண்டு. வருடம் முழுக்க யாரும் துடைக்க மாட்டார்கள்.

பழைய வரலாறு:

பிள்ளைகளே, நான் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறேன். வரலாற்றுத் துறையில் இருந்தேன். ஆராய்ச்சியைவிட விடைத்தாள் திருத்தியதுதான் அதிகம், எங்கள் தலைமுறையில் பல பேருக்கு அப்படித்தான்.

மத்திய மதிப்பீட்டு முகாமுக்குப் போனவர்களுக்குத் தெரியும். பெரிய கூடம், நீளமான பெஞ்ச், காலைக்கு ஒரு கட்டு, மதியத்துக்கு ஒரு கட்டு. மேலே மின்விசிறி சுற்றினால் தாள் பறக்கும், நிறுத்தினால் வியர்க்கும். ஒரே கேள்விக்கு ஒரே நோட்ஸிலிருந்து எழுதிய ஒரே விடையைப் படித்துக்கொண்டே போனால் கண் வரியின் மேல் ஓடும், மூளை எங்கோ போய்விடும். அப்போதுதான் ஒரு பிள்ளைக்கு அநியாயம் நடக்கும்.

நான் ஒரு வழி வைத்திருந்தேன். சட்டைப் பையில் ஒரு சின்ன டைரி. ஒவ்வொரு கட்டிலும் எனக்குப் புதிதாக ஒன்றைச் சொன்ன ஒரு விடையைக் கண்டுபிடித்து அதன் சாரத்தை அதில் எழுதியே தீர வேண்டும் என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. பெயர், பதிவெண் எதுவும் எழுத மாட்டேன். அதைத் தேடுவதற்காகவே கட்டு முழுவதையும் விழிப்போடு படிப்பேன்.

பஞ்சம் பற்றிய கேள்விக்கு ஒரு பிள்ளை பாடப்புத்தகத்தில் இருந்ததை இரண்டு வரியில் முடித்துவிட்டு, தன் தாத்தாவின் கிணறு எந்த மாதம் வற்றியது, மாட்டை எந்தச் சந்தையில் விற்றார்கள், அந்தப் பணம் எத்தனை நாள் ஓடியது என்று எழுதியிருந்தது. விடைக்குறிப்பில் அதற்கு இடமே இல்லை. முழு மதிப்பெண் போட்டேன், தலைமைத் தேர்வாளர் கேட்டபோது விளக்கமும் கொடுத்தேன். பின்னாளில் பஞ்ச காலத்துக் கால்நடைச் சந்தைகளைப் பற்றி நான் கட்டுரை எழுதத் தொடங்கியதற்கு அந்த டைரிப் பக்கம்தான் வித்து.

இப்போது திரையில் திருத்துகிறீர்கள் என்று கேள்வி. டைரிக்கு அதனால் ஒரு தடையும் இல்லை.

மேசையில்லாதவள்:

எல்லாவற்றையும் ஆர்வமாகப் படித்தேன். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

பழக்கம் என்றதும் பெரியவர்களின் கதைகள் வரிசையாக வரும். டார்வின் இங்கிலாந்தில் டவுன் என்ற கிராமத்திலிருந்த தன் வீட்டுத் தோட்டத்தில் மணல்பாதை ஒன்று போட்டு தினமும் சுற்றினார். சுற்றுக் கணக்குக்குக் கல்லைக் குவித்து வைத்து ஒவ்வொன்றாகக் காலால் தள்ளுவார். கணித மேதை பொயன்கரே காலை 10 முதல் 12, மாலை 5 முதல் 7, அவ்வளவுதான் கணிதம். இன்னொரு கணிதக்காரர் ஹார்டி காலை 9 முதல் மதியம் 1 வரை வேலை, அப்புறம் டென்னிஸ் அல்லது கிரிக்கெட். கேட்க நன்றாக இருக்கிறது. டார்வினுக்கு மனைவி எம்மா நாவல் வாசித்துக் காட்டினார், இரவில் தினமும் அவரோடு பேக்கேமன் ஆடினார், பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்தார். ஹார்டிக்குக் கல்லூரியே சாப்பாடு போட்டது. அந்த நாலு மணி நேரத்தை யார் காலியாக்கிக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

நான் கௌரவ விரிவுரையாளர். விலங்கியல். துறையில் எனக்கென்று மேசை கிடையாது. காலையில் சமையல், இரண்டு பிள்ளைகளை அனுப்புவது, டவுன் பஸ், கல்லூரி, மறுபடி பஸ். இதில் எந்த மணலில் நான் சுற்றுவது?

எனக்கு இருப்பது பஸ். முதல் நாள் இரவு ஒரு ஆய்வுக்கட்டுரையிலிருந்து ஒரே ஒரு வரைபடத்தை மட்டும் தாளில் அச்செடுப்பேன், விளக்கவரியை வெட்டிவிட்டு. அதை நாலாக மடித்து ஐடி கார்டு உறைக்குள் வைத்துவிடுவேன். பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்தால் போதும். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் அந்தத் தாள். இரண்டு அச்சிலும் என்ன இருக்கிறது, அளவின் நிச்சயமின்மையைக் காட்டும் பிழைப்பட்டை ஏன் இந்த இடத்தில் மட்டும் இவ்வளவு நீளம், இந்தப் புள்ளி ஏன் தனியாக நிற்கிறது என்று நானே கதை கட்டுவேன். கல்லூரி ஸ்டாப் வருவதற்குள் கட்டுரை என்ன சொல்லியிருக்கும் என்று தீர்மானித்துவிடுவேன். இடைவேளையில் கைபேசியில் கட்டுரையின் சுருக்கத்தைத் திறந்து ஒத்துப்பார்ப்பேன். போனில் பிடிஎஃப் படிக்க முயன்றால் நெரிசலில் வரி தொலைந்துவிடும், இந்தத் தாள் தொலையாது.

கண்டக்டர் ஒருவர் ஒரு நாள் எட்டிப்பார்த்து, "ஈசிஜியா மேடம், யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கவலையாகக் கேட்டார். ஆற்று மீன்களின் எண்ணிக்கை என்று சொன்னேன். எந்த ஆறு, எந்த மீன் என்று அடுத்த ஸ்டாப் வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

சிலேட்டுக்காரன்:

மேடம், நீங்கள் சொன்னது இந்த இழைக்கு ரொம்பத் தேவையான விஷயம். இடுக்கில் வேலை செய்தவர் ஒருவரைச் சொல்கிறேன். சி.வி.ராமன் 1907 இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாகச் சேர்ந்தார். பௌபஜார் தெருவில் இருந்த அறிவியல் வளர்ச்சிக் கழகத்துக்கு அதிகாலையில் போவார், ஆபீஸ் நேரத்துக்குக் கிளம்புவார், மாலையில் மறுபடி அங்கேதான். நடுவில் ரங்கூன், நாக்பூர் என்று மாற்றல் வந்த காலம் போக, 1917 இல் பேராசிரியர் ஆகும்வரை இப்படியே ஓடியது. முழுநேர வேலையைச் சுமந்துகொண்டே ஆராய்ச்சி செய்தவர்.

மேசையில்லாதவள்:

ராமனை எனக்கும் பிடிக்கும் சார். அந்த வீட்டில் அவர் மனைவி லோகசுந்தரி அம்மாள் இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்வோம். உங்கள் சிலேட், கொள்ளிடக்கரையின் ஃபிளாஸ்க், என் தாள் மூன்றிலும் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. யார் எப்போது குறுக்கே வந்தாலும் கீழே வைத்துவிட்டுப் போகலாம், திரும்பி வந்தால் விட்ட இடம் அங்கேயே இருக்கும். நம் மாதிரி ஆட்கள் தேட வேண்டியது அப்படிப்பட்ட பழக்கம்தான். தடையில்லாத நாலு மணி நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் ஓய்வூதியம்தான் முதலில் வரும், கௌரவ விரிவுரையாளருக்கு அதுவும் கிடையாது.

நல்லூர்ப் பின்னேரம்:

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கை ஒரு விரிவுரையாளர். நிலத்தடி நீர் என்ர துறை.

என்ர பழக்கம் அம்மாவோடை சம்பந்தப்பட்டது. பின்னேரம் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிச்ச பிறகு, அம்மா இரவுச் சாப்பாட்டுக்கு மரக்கறி வெட்டுவா. நான் பக்கத்தில் இருந்து அன்றைக்கு ஆங்கிலத்தில் எழுதின பந்தியைத் தமிழில் சொல்லுவேன். வாசிக்கிறது இல்லை, தாளை மூடி வைத்துவிட்டுச் சொல்லுறது. அம்மா கேட்கிற கேள்வியை எழுதிக்கொண்டு எழும்புவேன். அடுத்த நாள் காலை முதல் வேலை அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுறது.

எங்கட குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழை விழுந்தால் கெதியாக உள்ளே இறங்கும், தோட்டத்துக்குப் போடுகிற உரமும் அதோடை சேர்ந்து இறங்கும். கிணற்றுத் தண்ணியில் நைத்திரேற்று கூடுறதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா வெங்காயம் உரிச்சுக்கொண்டே, "எல்லாத் தோட்டத்துக்கும் உரம் போடுறாங்கள்தானே, அப்ப ஏன் இந்தக் கிணறு மட்டும் கூட?" என்று கேட்டா. வெங்காயத் தோட்டத்துக்கு வருசத்தில் எத்தனை தரம் தண்ணி இறைக்கிறாங்கள் என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை என்று அப்பதான் விளங்கினது. கட்டுரையின் அரைவாசி அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வந்தது. நன்றியுரையில் அம்மாவின் பேரும் இருக்கு.

குறியீட்டுக்கோவை:

நல்லூர் அக்கா, கணினித் துறையில் இதையே வாத்து பொம்மையிடம் செய்கிறோம். மேசையில் ஒரு ரப்பர் வாத்து. நிரல் வேலை செய்யாவிட்டால் வரிக்கு வரி அதனிடம் விளக்க வேண்டும். 1999 இல் வந்த ஒரு நிரலாக்க நூலால் பரவிய பழக்கம். பாதி விளக்கும்போதே தவறு கண்ணில் பட்டுவிடும். ஆனால் உங்கள் அம்மா திருப்பிக் கேள்வி கேட்கிறார், வாத்து கேட்காது. அதனால் உங்கள் முறைதான் மேல்.

என்னுடையது நடப்பது. எங்கள் பிளாக்கைச் சுற்றி வேப்பமரம் இருக்கிற பக்கமாகத்தான் போவேன், கையில் போன் இருக்காது. 2014 இல் ஸ்டான்ஃபோர்டில் இரண்டு பேர் இதைச் சோதித்தார்கள். உட்கார்ந்திருப்பவர்களைவிட நடப்பவர்களுக்குப் புதிய யோசனைகள் கூடுதலாக வந்தன, நடந்து முடித்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அது நீடித்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடையைத் தேடும் கேள்விகளில் நடை அப்படி உதவவில்லை. என் அனுபவமும் அதுதான். ஆய்வுத் தலைப்பு யோசிக்க நடப்பேன். பிழை தேட உட்கார்ந்துவிடுவேன்.

வார்சா குளிர்:

சிலேட்டு சாரின் முதல் பதிவைப் படித்ததிலிருந்து ஒரு கதை சொல்ல வேண்டும் என்று இருந்தது. போலந்தில் கணிதத்தில் போஸ்ட் டாக் செய்கிறேன். இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை இது.

இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரம் 1930களில் போலந்தின் லுவூவ். அங்கே ஸ்காட்டிஷ் கஃபே என்று ஒரு காபிக்கடை. பனாக், மசூர், உலாம் என்று கணிதக்காரர்கள் எல்லாரும் மணிக்கணக்காக அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். பனாக்குக்குச் சத்தமும் சங்கீதமும் இருந்தால்தான் வேலை ஓடும். மேசையின் மேற்பரப்பு சலவைக்கல், அதன் மேலேயே பென்சிலால் கணக்குப் போடுவார்கள். இரவில் கடைக்காரர்கள் துடைத்துவிடுவார்கள், அன்றைய கணிதம் அத்தோடு சரி. இதைப் பார்த்துப் பொறுக்காமல் பனாக்கின் மனைவி லூட்சியா ஒரு தடித்த நோட்டு வாங்கிக் கொடுத்தார். 1935 முதல் தீராத கேள்விகளை அதில் எழுதினார்கள். நோட்டு கடையிலேயே இருக்கும், கேட்டால் எடுத்துத் தருவார்கள். மொத்தம் 193 கேள்விகள் சேர்ந்தன. சிலவற்றுக்குப் பரிசும் அறிவித்தார்கள், ஒரு பாட்டில் ஒயின் மாதிரி. 1936 இல் மசூர் எழுதிய 153 ஆவது கேள்விக்கு உயிருள்ள வாத்து பரிசு. 1972 இல் ஸ்வீடன் கணிதக்காரர் பெர் என்ஃப்லோ அதைத் தீர்த்தார். வார்சாவுக்கு வந்தபோது மசூரே வாத்தை அவர் கையில் கொடுத்தார். அந்தப் படம் இங்கே பல துறைகளின் சுவரில் இருக்கிறது.

எங்கள் தேநீர் அறையிலும் ஒரு நோட்டு இருக்கிறது. நான் தினமும் மதியம் அதில் ஒரு கேள்வியாவது எழுதாமல் கோப்பையைக் கழுவ மாட்டேன். அரைகுறைக் கேள்வியாக இருந்தாலும் சரி. போன மாதம் நான் எழுதிய ஒன்றின் கீழே யாரோ அழகான எதிர் எடுத்துக்காட்டு எழுதி வைத்திருந்தார்கள். கையெழுத்து யாருடையது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். சிலேட்டு சார், உங்கள் ஸ்டாஃப் ரூமில் டீ கேன் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துப் பாருங்கள். உங்கள் சிலேட்டில் அழிந்து போகிறவற்றில் யாரோ ஒருவருக்கு வேண்டியது இருக்கும்.

சுண்ணத்தூள்:

நானும் கணிதம்தான், சென்னையில். என் பழக்கம் சாக்பீஸ். ஜப்பானில் ஹகோரோமோ என்ற கம்பெனியின் சாக்பீஸ் உலகம் முழுக்கக் கணிதக்காரர்களுக்கு அத்தனை பிரியம். தூசி குறைவு, எளிதில் உடையாது, மேலே மெல்லிய பூச்சு இருப்பதால் விரலில் ஒட்டாது. 2015 இல் கம்பெனி மூடப்போகிறது என்றதும் பேராசிரியர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிச் சேர்த்துவைத்தார்கள். அப்புறம் ஒரு கொரியக்காரர் இயந்திரங்களை வாங்கித் தன் ஊரில் தயாரிக்க ஆரம்பித்தார்.

என்னிடம் ஒரு பெட்டி இருக்கிறது. வகுப்புக்கு எடுத்துப் போக மாட்டேன், அங்கே துறை தரும் சாக்பீஸ்தான். மாலையில் எல்லாரும் போன பிறகு காலி வகுப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு பலகையின் இடது மேல் மூலையிலிருந்து தொடங்குவேன். அந்தச் சாக்பீஸைக் கையில் எடுத்தால் கோப்பு வேலை முடிந்தது, இனி கணிதம் என்று உடம்புக்கே தெரிந்துவிடுகிறது. அதை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் இருப்பதால்தான் இது வேலை செய்கிறது என்று நினைக்கிறேன்.

தூங்காத ஸ்காலர்:

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். ஆய்வேட்டின் சுருக்கமான சினாப்சிஸ் கொடுக்க வேண்டிய நேரம். ஹாஸ்டலில் சில பேர் தூக்கம் வராமல் இருக்க மாத்திரை போடுகிறார்கள். கணித மேதை எர்டிஷ் மாதிரி பெரிய ஆளே போட்டிருக்கிறார், காபியைத் தேற்றமாக மாற்றுகிற இயந்திரம்தான் கணிதக்காரன் என்று அவரே சொல்லியிருக்கிறார் என்கிறார்கள். இதையும் ஒரு பழக்கமாக எடுத்துக்கொள்ளலாமா? உண்மையாகவே கேட்கிறேன்.

வார்சா குளிர்:

தம்பி, வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

அந்தக் காபி வாசகம் ஆல்ஃபிரட் ரேன்யி சொன்னது, எர்டிஷ் அதைப் பரப்பினார். எர்டிஷ் ஆம்ஃபிடமின் என்ற ஊக்கமருந்து எடுத்தது உண்மை. அவர் அடிமையாகிவிட்டாரே என்று பயந்த நண்பர் ரான் கிரஹாம், ஒரு மாதம் நிறுத்திக் காட்டுங்கள் என்று 1979 இல் 500 டாலர் பந்தயம் கட்டினார். எர்டிஷ் நிறுத்திக் காட்டினார். ஆனால் அந்த மாதம் முழுக்க வெற்றுத் தாளை வெறித்துக்கொண்டிருந்ததாகவும், கணிதமே ஒரு மாதம் பின்தங்கிவிட்டதாகவும் சொல்லிவிட்டு மறுபடி தொடங்கினார். இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. சுமார் 1500 கட்டுரை எழுதிய ஒருவருக்கு அது இல்லாமல் தாளில் ஒன்றும் எழுத வரவில்லை என்றால், அந்தப் பொருள் அவரிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டிருக்கும்?

பழைய வரலாறு:

தூங்காத ஸ்காலர், தம்பி, இதை ஒரு அப்பா ஸ்தானத்தில் சொல்கிறேன். டாக்டர் எழுதித் தராத மாத்திரை எதையும் தொடாதே. ஏற்கெனவே போட ஆரம்பித்திருந்தால் பயப்படாமல் ஒரு மருத்துவரிடம் போய் மறைக்காமல் சொல். இந்த இழையில் இதுவரை வந்த பழக்கங்களைப் பார். சிலேட், ஃபிளாஸ்க், டைரி, பஸ் தாள், அம்மா. எதை நாளைக்கு விட்டாலும் உடம்பு கேட்டு நச்சரிக்காது. தூக்கத்தைத் திருடுகிற எதையும் நான் பழக்கம் என்று ஏற்க மாட்டேன்.

சினாப்சிஸ் ஒரு வாரம் தள்ளிப்போனால் வானம் இடிந்துவிடாது. கைடிடம் நேரில் பேசு. பேசப் பயமாக இருந்தால் என்ன சொல்வது என்று முதலில் இங்கே எழுது, சேர்ந்து சரிபார்க்கலாம்.

தூங்காத ஸ்காலர்:

நன்றி ஐயா, நன்றி அக்கா. இன்னும் போட ஆரம்பிக்கவில்லை. இன்று இரவு படுத்துவிடுகிறேன். கைடுக்கு எழுத வேண்டியதை நாளை காலை இங்கே போடுகிறேன்.

மேசையில்லாதவள்:

காலையில் உன் பதிவைத் தேடுவேன் தம்பி. பஸ்ஸிலேயே படித்துப் பதில் போடுகிறேன்.

கொள்ளிடக்கரை, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ எழுதியதைப் படித்துவிட்டு சாம்பிள் பாட்டில்களை நானே கழுவ ஆரம்பித்தேன். யோசனை வருகிறது, அது உண்மைதான். ஆனால் அசிட்டோன் பட்டு விரல் நுனி எல்லாம் வறண்டு வெடிக்கிறது. நீ எப்படிச் சமாளிக்கிறாய்? எங்கள் லேபில் நீல நிற நைட்ரைல் கையுறைதான் இருக்கிறது.

கொள்ளிடக்கரை:

அக்கா, நைட்ரைல் அசிட்டோனைத் தாங்காது. கொஞ்ச நேரத்திலேயே உப்பி, உள்ளே இறங்கிவிடும். அசிட்டோனுக்கு ப்யூட்டைல் ரப்பர் கையுறைதான் சரி. விலை கொஞ்சம் கூட, ஆனால் கழுவிக் கழுவிப் பல நாள் பயன்படுத்தலாம். அது கிடைக்கும்வரை ஒரு மாற்று இருக்கிறது: ஆற்று மீன் சாம்பிள் வைக்கிற பாட்டிலுக்கு அசிட்டோன் அலசல் தேவையா என்று பாருங்கள். எங்களுக்கு ஈரம் ஒரு துளிகூட இருக்கக் கூடாது என்பதால் போடுகிறோம். உங்களுக்கு டிஸ்டில்ட் வாட்டரில் அலசி, ஸ்டாண்டில் கவிழ்த்துக் காயவிட்டாலே போதும் என்று நினைக்கிறேன், உங்கள் செயல்முறைக் குறிப்பை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வெடித்த விரலுக்கு இரவில் தேங்காய் எண்ணெய். ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்தில் பர்னர் எதுவும் எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.